உள்ளே இருந்தவர்

"என் தாத்தா வாழ்நாள் முழுக்க உள்ளேதான் இருந்தார். அவரைப் பற்றி ஏதாவது கிடைத்தால் தெரியப்படுத்துங்கள்." 2016 அக்டோபரில் கனடாவிலிருந்து வந்த கடிதம் இப்படித்தான் ஆரம்பித்தது. எழுதியவருக்கு 84 வயது. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் பிறந்து, ஏழு வயதுவரை அங்கே வளர்ந்தவர். நான் அந்த ஊருக்குக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு சிறிய தன்னார்வக் குழுவோடு உட்கார்ந்து, குடும்ப வரலாறு தேடி எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய பதிவேடுகளைப் புரட்டுவது எனக்குப் பிடிக்கும். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

"உள்ளே" என்று படித்ததும் நான் நினைத்தது சிறையைத்தான். தமிழிலும் அதுதானே அர்த்தம்? "அவன் உள்ளே இருக்கிறான்" என்றால் வேறு எதையும் யோசிக்க மாட்டோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். அதனால் ஒரு முழு மதியம் வில்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய குற்றவாளிப் பட்டியல்களில் அந்தப் பெரியவர் பெயரைத் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு முதியவர் இருந்தார். 1950களில் ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டராகப் பழகியவர். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, என்ன தேடுகிறேன் என்று பார்த்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். "இந்த ஊரில் உள்ளே என்றால் தொழிற்சாலை. என் அப்பா உள்ளே இருந்தார், நான் உள்ளே இருந்தேன், என் தம்பியும் உள்ளே இருந்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு மனிதரைக் கைதி என்று நினைத்து ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஸ்விண்டனை ரயிலில் கடந்து போனவர்கள் உண்டு, இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. லண்டனுக்கும் பிரிஸ்டலுக்கும் நடுவில், ஒரு குன்றின் மேல் சின்னச் சந்தை ஊராக இருந்த இடம் அது. ரயில்வேயின் பொறியாளர்களான புரூனலும் டேனியல் கூச்சும் தொழிற்சாலைக்கு அந்தக் குன்றின் அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் தொழிற்சாலை 1843இல் வேலையைத் தொடங்கியது. உச்சத்தில் 14,000 பேர் வரை அங்கே வேலை பார்த்தார்கள். ஊர் முழுவதும் ஒரே முதலாளிக்கு வேலை செய்தால் அந்த இடத்துக்குத் தனிப் பெயர் எதற்கு? சுவருக்கு அந்தப் பக்கம் உள்ளே, இந்தப் பக்கம் வெளியே, அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பிரதான ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்க நடைபாதை போகிறது. காலையில் அதற்குள் போனவர்கள் உள்ளே போனார்கள். அந்தப் பாதை இன்னும் இருக்கிறது. இப்போது அதில் நடந்தால் மறுமுனையில் ஒரு பெரிய வணிக வளாகம் வரும். தொழிற்சாலை 1986 மார்ச் 26ஆம் தேதி மூடப்பட்டது.

சரி, புரிந்ததும் வேலை சுலபமாயிற்று. ஊழியர் பதிவேட்டில் அந்தத் தாத்தா கிடைத்தார். 1901இல், 14 வயதில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைச் சூடாக்கும் பையனாகச் சேர்ந்திருக்கிறார். பிறகு பாய்லர் செய்பவர். 1944இல் ஓய்வு. அதாவது 43 வருடம். பிறந்த தேதி, திருமணத் தேதி, வீட்டு முகவரி, இறந்த வருடம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தேன். பேத்தி எழுதியிருந்தது நான்கு பக்கக் கடிதம். முதல் பக்கத்துக்குத்தான் நான் பதில் சொல்லியிருந்தேன். மீதி மூன்று பக்கமும் ஒரு சிறுமியின் ஞாபகங்கள். அவற்றை வேகமாகப் படித்துவிட்டு, பயன்படும் தகவல் இல்லை என்று ஓரமாக வைத்திருந்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். அப்புறம் ஒரு வரி: "தேதிகள் என்னிடமே இருந்தன. நான் கேட்டது வேறு."

காகிதம் எங்கே நிற்கிறது

அந்த வரிக்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுவது மற்ற பல நாடுகளைவிட எளிது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை முதல் நாடு முழுக்க இருக்கிறது. 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீடு வீடாகப் பெயர் இருக்கிறது. 100 வருடம் ஆனால்தான் அதைத் திறந்து காட்டுவார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கடுத்துதான் பெரிய பள்ளம். 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942 டிசம்பரில், ஹேய்ஸ் என்ற இடத்துக் கிடங்கில் தீப்பிடித்து முழுக்க எரிந்துபோனது. 1941இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டுடையது 2052இல்தான் திறக்கும். நடுவில் கையில் இருப்பது போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு மட்டும். முதல் உலகப்போரில் போன சிப்பாய்களின் பணிக் கோப்புகளிலும் பாதிக்கு மேல் 1940இல் லண்டனில் குண்டு விழுந்து எரிந்துவிட்டன.

ஆக, இன்று எண்பது தொண்ணூறு வயதில் இருப்பவர்களின் சிறுவயது, காகிதம் மிகக் குறைவாக இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. அந்தக் காலத்துக்கு அவர்கள் ஞாபகம்தான் பதிவேடு. நான் அதைத்தான் ஓரமாக வைத்திருந்தேன்.

1939ஆம் ஆண்டுப் பதிவேட்டை இன்று இணையத்தில் பார்க்கலாம். அவர்கள் வீடு ரயில்வே குடியிருப்பில், எக்ஸெட்டர் தெருவில் இருந்தது. அந்தக் குடியிருப்பின் தெருக்களுக்கு ரயில் போகிற ஊர்களின் பெயர்கள்: பிரிஸ்டல், டாண்டன், ரெடிங், ஆக்ஸ்ஃபர்ட். (தன் கொள்ளுத்தாத்தா எக்ஸெட்டர் ஊர்க்காரர் என்று நம்பி, டெவன் மாவட்டத்து தேவாலயப் பதிவுகளில் வருடக்கணக்காகத் தேடிய ஒருவரும் எங்களுக்கு எழுதியிருக்கிறார்.) பக்கத்தில் அந்த வீட்டுக்கு நான்கு வரி. தாத்தா, பாய்லர் செய்பவர், வயது 52. பாட்டி, வீட்டு வேலை. அம்மா, தையல். நான்காவது வரியின் மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியதுபோல் இருக்கும். இந்தப் பதிவு மூடப்பட்டுள்ளது என்று அதன் மேல் எழுதியிருக்கும். 100 வயது ஆகாதவர்கள், இறந்தது உறுதியாகாதவர்கள் பெயரை அப்படித்தான் மறைப்பார்கள். முதல் தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது கறுப்பு வரியைத் தாண்டிப் போய்விட்டேன். அவருடைய இரண்டாவது கடிதம் வந்த பிறகு மறுபடி திறந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பட்டைக்கு அடியில் இருக்கும் ஏழு வயதுப் பெண்தான் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்று பக்கங்கள்

ஓரமாக வைத்திருந்த மூன்று பக்கத்தையும் இந்தமுறை மெதுவாகப் படித்தேன். தொழிற்சாலையின் ஹூட்டர் ஊதுவது. அது பல மைலுக்குக் கேட்குமாம். 1870களிலேயே பக்கத்துப் பண்ணை மாளிகையில் இருந்த போலிங்புரோக் பிரபு தன் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்து பெரிய ரகளையாக்கியிருக்கிறார். அந்தச் சத்தத்தில் தட்டலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் என்று கடிதத்தில் இருந்தது. ஹூட்டர் நின்றதும் மழை பெய்வது போல ஒரு சத்தம் வரும், சன்னலைத் திறந்தால் மழை இருக்காது. ஆணி அடித்த பூட்சுகள், ஆயிரக்கணக்கில். ஆகஸ்ட் மாதம் ரயில்வே பூங்காவில் குழந்தைகள் திருவிழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய துண்டு பழக் கேக். அதை வாங்கி, பாதியைத் தாத்தாவுக்கென்று பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு வந்ததில் உலர்திராட்சையெல்லாம் பைத்துணியில் ஒட்டிக்கொண்டதாம்.

ட்ரிப் பற்றி நிறைய எழுதியிருந்தார். ஸ்விண்டன்காரர்களிடம் ட்ரிப் என்று ஒரு சொல் சொன்னால் முகமே மாறிவிடும். ஜூலை முதல் வாரம் தொழிற்சாலையை மூடிவிட்டு, ஊழியர்களையும் குடும்பத்தையும் இலவசமாகக் கடற்கரைக்கு ரயிலில் அனுப்புவார்கள். 1849இல் சுமார் 500 பேர் ஆக்ஸ்ஃபர்டுக்குப் போனதில் ஆரம்பித்தது. முதல் உலகப்போருக்கு முந்தைய வருடங்களில் அது 25,000 பேர் அளவுக்கு வந்துவிட்டது. ஊரின் மக்கள்தொகையே அப்போது 50,000தான். பாதி ஊர் காலியாகும், கடைகள் சாத்தியிருக்கும். வெகுகாலம் வரை அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரயில் இலவசம், பட்டினி சொந்தச் செலவு. அதற்காக வருடம் முழுக்க வாராவாரம் காசு சேர்த்தார்கள். அத்தனை வண்டிகளை ஒரே காலையில் அனுப்ப நிலையத்து நடைமேடை போதாது. தொழிற்சாலைக்குள் இருந்த பக்கப் பாதைகளில் வண்டிகளை நிறுத்தி, தரையிலிருந்தே மரப்படி வைத்து ஏற்றுவார்கள். வேறொரு குடும்பத்தில் ஒரு பாட்டி, "நான் ஏணி வைத்துத்தான் ரயில் ஏறினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வயதாகி ஞாபகம் தடுமாறுகிறது என்று மகள் எங்களுக்கு வருத்தத்தோடு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதியதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இந்த மூன்று பக்கத்தின் கடைசியில், மடிப்பில் மை கொஞ்சம் கலைந்த இடத்தில், அவர் கேட்டிருந்த கேள்வி இருந்தது. முதல் தடவை அதைக் கேள்வி என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதை இங்கே அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"என் தாத்தா என்னிடம் பேச மாட்டார். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கேக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று 'தாத்தா, தாத்தா' என்று சொன்னேன். செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்பா இல்லை. அவர் யார் என்று எங்கள் வீட்டில் பேசவே மாட்டார்கள். அதனால்தான் தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அப்போதே புரிந்துகொண்டேன். 1940இல் அம்மா என்னை அழைத்துக்கொண்டு பர்மிங்காம் போய்விட்டார். அதற்குப் பிறகு தாத்தாவைப் பார்க்கவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று உங்கள் காகிதங்களில் எங்காவது இருக்கிறதா?"

பாய்லர்

அடுத்த சனிக்கிழமை இதை ஃபிட்டர் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "காகிதத்தில் இதெல்லாம் எங்கே இருக்கும்" என்ற நினைப்போடுதான் படித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த ஷாப்?" தொழிற்சாலைக்குள் இருந்த ஒவ்வொரு பட்டறையையும் ஷாப் என்றுதான் சொல்வார்கள்.

பாய்லர் ஷாப் என்றேன்.

"அப்படியானால் அவருக்குக் காது கேட்காது" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தச்சரின் கையில் மரத்தூள் இருக்கும் என்பதுபோல. அப்புறம் உட்கார்ந்து விளக்கினார். நீராவி என்ஜினின் பாய்லர் தடிமனான எஃகுத் தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்துச் செய்வது. சிவக்கக் காய்ந்த ரிவெட்டைத் துளையில் செருகி வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, மறுபக்கம் அது நழுவாமல் கனமான இரும்பை வைத்து அழுத்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அந்த மறுபக்கம் என்பது பாய்லருக்கு உட்புறம். ஆள் உள்ளே நுழைந்து படுத்துக்கொண்டோ மண்டியிட்டோ பிடிக்க வேண்டும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணியடிப்பதைக் கேட்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம், நாற்பது வருடம். அந்த ஷாப்காரர்களைத் தெருவில் பார்த்தாலே தெரியுமாம். உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள், கையால் பேசுவார்கள், இல்லாவிட்டால் பேசவே மாட்டார்கள். முகத்துக்கு நேரே நின்றால்தான் உண்டு. "செய்தித்தாளைப் படிக்கிற ஆளின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெண் நின்று கூப்பிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பிறகு நான் தேடிப் படித்தேன். கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886இல் பாய்லர் தொழிலாளிகள் 100 பேரைச் சோதித்திருக்கிறார். ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. நூற்றில் ஒருவருக்குக்கூட! அவ்வளவு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் அதைத் தொழில்நோய் என்று ஏற்று இழப்பீடு கொடுக்கும் முறை பிரிட்டனில் 1970களில்தான் வந்தது. ஸ்விண்டன் தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்த காசில் 1847இலேயே சொந்த மருத்துவ நிதி நடத்தியவர்கள். மருத்துவர், மருந்தகம், குளியலகம், நீச்சல் குளம் எல்லாம் வைத்திருந்தார்கள். நாடு முழுக்க 1948இல் வந்த இலவச மருத்துவ சேவைக்கு அதை ஒரு முன்னோடி என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நியாயமான பெருமைதான். ஆனாலும் காதுக்கு அங்கே மருந்து இல்லை. செவிடாவது அந்தத் தொழிலின் ஒரு பகுதி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காகிதத்தில் ஆதாரம் கிடைக்குமா என்று பார்த்தேன். 1911ஆம் ஆண்டுக் கணக்குப் படிவத்தில் கடைசிப் பத்தி உடல்குறைக்கானது. முழுச் செவிடு, ஊமை, குருடு என்று எழுதச் சொல்லியிருக்கும். அவருக்கு அப்போது 24 வயது, கல்யாணமாகி ஒரு வருடம், கைக்குழந்தை. பத்தி காலியாக இருந்தது. அப்போது இன்னும் கேட்டிருக்கலாம். குழந்தை அழுதது கேட்டிருக்கலாம். 1921ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். பதிலாக எங்கே, யாரிடம் வேலை என்று கேட்டார்கள். அதைப் பின்னாளில், 2022இல் திறந்ததும் முதல் வாரமே பார்த்தேன். பாய்லர் ஷாப் என்று இருந்தது. அவருக்குக் காது கேட்காது என்று சொல்லும் ஒரு காகிதமும் எங்கும் இல்லை. "பாய்லர் செய்பவர்" என்ற சொல்லை மட்டும் நான் முதல் வாரமே பார்த்திருந்தேன், என் கையாலேயே தட்டச்சு செய்து பேத்திக்கு அனுப்பியுமிருந்தேன். அவரும் படித்திருக்கிறார். இரண்டு பேருக்கும் அது ஒரு வேலையின் பெயராக மட்டுமே இருந்தது.

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு வாரம் திணறினேன். உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆறுதலுக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிடக் கூடாது. 84 வயதில் ஒருவர் மனதில் இத்தனை காலம் கெட்டித்துப்போன ஒன்றை வெளியாள் நான் போய்த் தொடலாமா என்றும் தயக்கம். கடைசியில் பெரியவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன். பாய்லருக்கு உள்ளே மண்டியிட்டு இரும்பைப் பிடிப்பது எப்படி என்று அவர் வரைந்து காட்டிய படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மருத்துவர் பார் சோதித்த நூறு பேரைப் பற்றி எழுதினேன். "உங்கள் தாத்தாவைப் பற்றி இப்படி ஒரு பதிவு எங்கும் இல்லை, அந்த ஷாப்பில் 43 வருடம் இருந்தவர்களுக்கு இப்படித்தான் ஆனது என்று மட்டும் சொல்ல முடிகிறது" என்று முடித்தேன். மேலே ஒரு வரி சேர்க்கவில்லை.

இரண்டு மாதம் பதில் இல்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது. அப்புறம் ஜனவரி கடைசியில் ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தாளின் பாதி. கையெழுத்து முன்பைவிட நடுங்கியிருந்தது.

காலையில் முதல் ஹூட்டர் ஊதும்போது தாத்தா எழுந்து வந்து சன்னலருகில் நிற்பாராம். வெளியே பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார். ஹூட்டர் நிற்கும்வரை அப்படியே நிற்பார், நின்றதும் கையை எடுத்துவிட்டு பூட்ஸ் மாட்டப் போவார். குளிர்ந்த கண்ணாடியில் கை வைத்தால் அவருக்கு இதமாக இருக்கும்போல என்று சிறுமியாக இருந்தபோது நினைத்தாராம். ஒருநாள் தானும் போய்ப் பக்கத்தில் நின்று அதேபோல் கையை வைத்தாராம். கண்ணாடி நடுங்கியதாம். தாத்தா கண்ணைத் திறந்து, கீழே இருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்துவிட்டு, தன் கையைச் சற்றுத் தள்ளி இடம் விட்டாராம்.